பிரிண்டர் வாங்குவதும் பொருத்துவதும்: ஓடும் நாளைவிட ஓய்ந்திருக்கும் நாள் முக்கியம்

பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் போடும் கணக்கு, மாதம் எத்தனை பக்கம் அடிப்போம் என்பது. அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இன்னொன்று உண்டு: ஒரு பக்கம்கூட அடிக்காமல் தொடர்ந்து எத்தனை நாள் அது சும்மா கிடக்கும்? பத்து நாளா, இரண்டு மாதமா, பிள்ளைகளின் விடுமுறை முழுவதுமா? வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டருக்கு உழைப்பைவிட ஓய்வுதான் பெரிய எதிரி. இந்தக் கேள்விக்கு மனசாட்சிப்படி பதில் சொல்லிவிட்டால், கடையில் அடுக்கியிருக்கும் மாடல்களில் பாதி தானாக விலகிவிடும்.

மையா, பொடியா?

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அது வெளியேறும் நாசில்கள் தலைமுடியைவிட மெல்லிய துளைகள். ஹெட் எனப்படும் ஒரு அச்சுத்தலையில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். தண்ணீர் ஆவியானால் எஞ்சும் நிறப்பொருள் துளையை அடைத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டரில் தண்ணீருக்கு இடமே இல்லை. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. டிரம் உருளையின் மேல் லேசர் ஒளி பட்ட இடங்களில் நிலைமின்சாரம் மாறுகிறது, அங்கே பொடி ஒட்டுகிறது, அங்கிருந்து தாளுக்குப் போகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஃப்யூசர் உருளைகள் அதை உருக்கித் தாளோடு பதிக்கின்றன. காய்ந்துபோவதற்கு அதில் ஈரம் எதுவும் இல்லாததால், மூன்று மாதம் கழித்து ஸ்விட்சைப் போட்டாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும்.

இங்க்ஜெட்டிலும் இரண்டு முறைகள் உண்டு. ஹெச்பி, கேனன் பயன்படுத்துவது வெப்ப முறை: நாசிலுக்குள் இருக்கும் குட்டி ஹீட்டர் மையைக் கணநேரம் கொதிக்க வைக்கிறது, எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன், பிரதர் பயன்படுத்துவது பீசோ முறை: மின்சாரம் பட்டதும் வளையும் படிகம் மையைப் பிதுக்குகிறது. வாங்குபவருக்கு இது தெரிய வேண்டியது ஹெட் எங்கே இருக்கிறது என்பதற்காக. வெப்ப முறையில் வரும் சிறிய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள், ஹெட்டும் புதிதாகிவிடும். பீசோ பிரிண்டரில் ஹெட் இயந்திரத்தின் உறுப்பு. அது மீட்க முடியாதபடி அடைத்தால் ஆகும் செலவு, சின்ன மாடல்களில் புது பிரிண்டர் விலையையே நெருங்கிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள் நேரானவை. வாரத்துக்கு ஒருமுறையாவது கலரில் ஒரு பக்கம் அடிப்பீர்கள், பிள்ளைகளின் புராஜெக்ட், படங்கள், குறிப்புகள் என்று மாதம் நூறு பக்கத்துக்கு மேல் போகும் என்றால், பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் வாங்குங்கள். எப்சன் ஈகோடேங்க், கேனன் மெகாடேங்க், ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் ஆகியவை இந்த வகை. விண்ணப்பம், டிக்கெட், ஒப்பந்தம் என்று எப்போதாவது கருப்பு எழுத்து மட்டும் வேண்டும் என்றால் கருப்பு-வெள்ளை லேசர்தான் சரி, அதில் இரண்டாவது யோசனை வேண்டாம். எப்போதாவதுதான் வேண்டும், ஆனால் கலரும் வேண்டும் என்பவர்களுக்கு ஹெட்டோடு வரும் கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட் பொருந்தும். பக்கத்துக்கு ஆகும் செலவு கூடுதல்; ஆனால் அடைப்பு வந்தால் இயந்திரமே போய்விடும் என்ற பயம் இல்லை.

கலர் லேசர், வரைபடமும் அட்டவணையும் நிறைய அடிக்கும் அலுவலகத்துக்கு ஏற்றது. நான்கு டோனர்களையும் மாற்றும் நாளில் செலவு ஒரே மூச்சில் வரும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புகைப்படத்துக்காக மட்டும் அதை வாங்காதீர்கள். தோல் நிறமும் வானத்தின் மென்மையும் ஒரு நல்ல இங்க்ஜெட்டில், அதற்குரிய போட்டோ பேப்பரில் வருவதுபோல அதில் வராது.

பெட்டி விலையை விட்டு, பக்க விலையைப் பாருங்கள்

ஒரு கார்ட்ரிட்ஜின் மேல் எத்தனை பக்கம் வரும் என்று போட்டிருக்கும். அந்த எண் ஒரு பொதுவான அளவுகோலில் எடுக்கப்படுகிறது: கருப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752, கலர் டோனருக்கு 19798, இங்க்ஜெட்டுக்கு 24711. தாளின் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டுமே ஒரு நிறத்தின் மை படும் பக்கங்களை வைத்து அளக்கிறார்கள். அது ஒரு சாதாரணக் கடிதம் அளவுக்குத்தான். முழுப்பக்கப் படம் ஒன்று அடித்தால், அதே மை பல மடங்கு வேகத்தில் தீரும். ஆகவே கார்ட்ரிட்ஜ் அல்லது பாட்டிலின் விலையை அந்தப் பக்க எண்ணால் வகுத்துக் கிடைப்பதை மாடல்களை ஒப்பிடப் பயன்படுத்துங்கள். உங்கள் உண்மையான செலவு அதற்கு மேலேதான் இருக்கும்.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் 'ஸ்டார்ட்டர்' வகை. கடையில் தனியாக விற்பதைவிடக் குறைந்த பொடியே அதில் இருக்கும். இரண்டாவது, சில லேசர்களில் டிரம்மும் டோனரும் ஒரே பெட்டிக்குள், சிலவற்றில் தனித்தனி. தனித்தனியாக இருந்தால் டோனர் விலை குறைவாகத் தெரியும். ஆனால் பல டோனருக்கு ஒருமுறை டிரம்மையும் மாற்ற வேண்டும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்றாவது, இங்க்ஜெட் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை செலவாகிறது. சும்மா கிடந்த பிரிண்டருக்குச் சுத்தம் அதிகம் தேவைப்படும். குறைவாக அடிப்பவருக்குப் பக்க விலை ஏறுவது இதனால்தான்.

சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை எங்கே போகிறது? பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்கு. அது நிறைந்தது என்று உள்ளே இருக்கும் கணக்கு காட்டினால் பிரிண்டர் வேலை செய்ய மறுத்துவிடும். சில மாடல்களில் இந்தப் பஞ்சை 'மெயின்டனன்ஸ் பாக்ஸ்' என்ற பெயரில் நாமே கழற்றி மாற்றலாம். மற்றவற்றில் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் கழற்றி மாற்றக்கூடிய மாடலையே எடுங்கள். கடையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

'டியூட்டி சைக்கிள்' என்று ஒரு பெரிய எண் விளம்பரத்தில் இருக்கும். அது ஒரு மாதத்தில் இயந்திரம் தாங்கக்கூடிய உச்சம், தினசரி வாழ்க்கைக்கான எண் அல்ல. 'பரிந்துரைக்கப்படும் மாத அளவு' என்று தனியாக, பல மடங்கு சிறியதாக இன்னொன்று இருக்கும். உங்கள் தேவை அதற்குள் அடங்க வேண்டும்.

வேறு பார்க்க வேண்டியவை: இருபுறமும் தானாக அடிக்கும் டூப்ளெக்ஸ் வசதி, தாள் செலவைக் கிட்டத்தட்ட பாதியாக்கும். பல பக்கங்களை ஸ்கேன் அல்லது ஜெராக்ஸ் எடுப்பவர்களுக்கு ஏடிஎஃப் எனப்படும் தாள் தள்ளி வேண்டும். டூப்ளெக்ஸ் பிரிண்டிங் இருப்பதால் ஏடிஎஃப்பும் இருபுறமும் ஸ்கேன் செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள், அது தனி வசதி. எழுத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். அதற்கு மேல் போட்டிருக்கும் எண்களுக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஆப்பிளின் ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டு பக்கம் மோப்ரியா, இந்த இரண்டு பெயர்களும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தனி டிரைவர் (பிரிண்டரைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) இல்லாமலே ஃபோனிலிருந்தும் கணினியிலிருந்தும் அடிக்கலாம். தயாரிப்பாளர்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகவே பல வருடம் உழைக்க வேண்டிய இயந்திரத்துக்கு இந்தப் பொதுத் தரங்கள்தான் காப்பு. சில மாடல்கள் இணைய இணைப்பும் அசல் மையும் இருந்தால் மட்டுமே இயங்கும் நிபந்தனையோடு விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருப்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கடைக்கும் தொழிலுக்கும்

பில் போட ஏ4 பிரிண்டர் வாங்குவது வீண். தெர்மல் ரசீது பிரிண்டருக்கு மையும் வேண்டாம், பொடியும் வேண்டாம். சூடுபட்டால் கருக்கும் தாளில் அடிக்கிறது. சும்மா கிடந்தாலும் கெடாது. இரண்டு அகலங்கள் வழக்கத்தில் இருக்கின்றன: 58 மி.மீ., 80 மி.மீ. இந்தத் தாள்களில் முறையே 48 மி.மீ., 72 மி.மீ. அகலம் வரை எழுத்து விழும். 203 டிபிஐயில் அது முறையே 384, 576 புள்ளிகள். பொருள் பெயர், அளவு, விகிதம், தொகை, வரி எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும் என்றால் 80 மி.மீ. எடுங்கள். கத்தரி வைத்துத் தாளைத் தானே வெட்டும் ஆட்டோ கட்டர் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

தமிழில் பில் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். இந்தப் பிரிண்டர்கள் எழுத்து முறையில் அடிக்கும்போது தங்களுக்குள்ளேயே இருக்கும் எழுத்துருவைப் பயன்படுத்துகின்றன. அதில் பொதுவாகத் தமிழ் இருக்காது. கேள்விக்குறிகளோ சம்பந்தமில்லாத எழுத்துகளோ வரும். பில்லிங் மென்பொருள் ரசீதைப் படமாக மாற்றி அனுப்பினால் எந்தப் பிரிண்டரிலும் தமிழ் அழகாக விழும். கோளாறு பிரிண்டரில் இல்லை, மென்பொருளில் என்பதால், வாங்கும் முன் உங்கள் மென்பொருளிலிருந்தே ஒரு தமிழ் பில் அடித்துப் பாருங்கள்.

தெர்மல் தாளில் எந்தப் பக்கம் எழுத்து விழும் என்று சந்தேகம் வந்தால் நகத்தால் கீறுங்கள். கருப்புக் கோடு விழும் பக்கமே சரியான பக்கம். ரோலைத் திருப்பிப் போட்டுவிட்டு, பிரிண்டர் வெறும் தாளைத் தள்ளுகிறது என்று கவலைப்படுவது அடிக்கடி நடக்கிறது. தெர்மல் எழுத்து வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிவிடும். வருடக்கணக்கில் வைக்க வேண்டிய ரசீது என்றால் ஸ்கேன் செய்தோ ஜெராக்ஸ் எடுத்தோ வையுங்கள். பணப்பெட்டியைத் திறக்கும் கம்பிக்காகப் பின்னால் டெலிஃபோன் சாக்கெட் போலவே ஒன்று இருக்கும். அதில் டெலிஃபோன் கம்பியைச் சொருகக் கூடாது.

ஒரே அடியில் இரண்டு மூன்று கார்பன் நகல் வேண்டும் என்றால் அதற்கு டாட் மேட்ரிக்ஸ்தான் வழி. ஊசி தாளைக் குத்துவதால்தான் கீழ்த்தாளிலும் பதிகிறது. லேசரும் இங்க்ஜெட்டும் தாளைக் குத்துவதில்லை. வெறும் பில்லுக்கு 9 ஊசி போதும், எழுத்து நேர்த்தியாக வேண்டும் என்றால் 24 ஊசி.

இடமும் மின்சாரமும்

ஆடாத, சமமான மேசை வேண்டும். இங்க் டேங்க் சாய்ந்து நின்றால் மை அளவு தவறாகத் தெரியும். நேர் வெயில், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், சமையலறைப் புகை மூன்றும் ஆகாது. பின்கதவைத் திறந்து தாளை எடுக்கவும் சூடு வெளியேறவும் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். குளிரான இடத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்திருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் சில மணி நேரம் வையுங்கள். உள்ளே படியும் நீர்த்துளிகள் லேசரின் கண்ணாடியை மங்க வைக்கும்.

லேசர் பிரிண்டரின் ஃப்யூசர் சூடேறும் அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட், பெரிய மாடல்களில் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அறையின் விளக்கு சிமிட்டினால் காரணம் அதுதான். இதைக் கணினியின் யூபிஎஸ்ஸில் செருகினால் யூபிஎஸ் ஓவர்லோடாகி அணையும், கணினியும் சேர்ந்து அணையும். லேசரை நேராகச் சுவர் பிளக்கிலேயே போடுங்கள். இங்க்ஜெட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது எடுப்பது சொற்ப வாட்தான்.

ஆனால் இங்க்ஜெட்டுக்கு வேறொரு விதி இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பிரிண்டரில் இருக்கும் பவர் பட்டனை அழுத்தியே அணையுங்கள், சுவர் ஸ்விட்சை அல்ல. பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். நாசில்கள் காற்றுப்படாமல் மூடப்படும். அச்சிடும் நடுவே சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஹெட் திறந்தபடியே வழியில் நின்று காயும். விளக்கு முழுதாக அணைந்த பிறகு சுவர் ஸ்விட்சை அணைப்பதில் தவறில்லை.

இங்க் டேங்கை நிரப்புதல்

முதலில் ஆரஞ்சு, நீல நிற டேப்புகள் அத்தனையும் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து உள்ளேயும், தாள் வெளியே வரும் இடத்திலும் பாருங்கள். விட்டுப்போகும் ஒரு டேப், ஹெட் ஓடும் பாதையில் மாட்டி முதல் நாளே எரர் காட்ட வைக்கும்.

பாட்டில் நிறமும் தொட்டியின் நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டே ஊற்றுங்கள். பல மாடல்களில் தவறான பாட்டில் வாயில் பொருந்தாதபடி செய்திருக்கிறார்கள். பழைய மாடல்களில் அந்தக் காப்பு கிடையாது. மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம், கீழ்க்கோட்டுக்குக் கீழே போகவும் விட வேண்டாம். கீழே போனால் குழாயில் காற்று நுழையும், அதை வெளியேற்ற எக்கச்சக்க மை வீணாகும். கருப்பு பிக்மென்ட் (நுண்துகள் மிதக்கும் மை) வகையாகவும் கலர்கள் டை (கரைந்த சாய மை) வகையாகவும் இருக்கும் மாடல்கள் உண்டு. ஒன்றை இன்னொன்றில் கலந்தால் திரிந்து கட்டியாகிவிடும். வேறு நிறுவனத்தின் மை வாங்கினாலும் உங்கள் மாடலின் எண்ணும் வகையும் பார்த்தே வாங்குங்கள்.

நிரப்பியதும் பிரிண்டர் குழாய்களில் மையை இழுக்கத் தொடங்கும். பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நேரத்தில் அணைக்கவோ மூடியைத் திறக்கவோ கூடாது. முடிந்ததும் தொட்டியில் மை குறைந்திருக்கும். கசிவு அல்ல, குழாய்களுக்குள் போயிருக்கிறது. முதல் பாட்டில் வரிசையில் பக்கங்கள் குறைவாக வருவதும் இதனால்தான்.

பிறகு நாசில் செக் எனப்படும் சோதனைப் பக்கத்தை அடியுங்கள். படிக்கட்டு போன்ற கோடுகளில் எங்காவது விடுபட்டிருந்தால் ஒருமுறை ஹெட் கிளீனிங் செய்து மறுபடி பாருங்கள். கோடுகள் முழுமையான பின் ஹெட் அலைன்மென்ட். அதைச் செய்யாமல் விட்டால் செங்குத்துக் கோடுகள் இரட்டையாக, எழுத்து மங்கலாகத் தெரியும்.

லேசரைத் தயார் செய்தல்

கார்ட்ரிட்ஜை எடுத்துப் பக்கவாட்டில் ஐந்தாறு முறை மெதுவாக அசையுங்கள், பொடி சமமாகப் பரவும். ஓரத்தில் இருக்கும் சீல் டேப்பை ஒரே இழுப்பில் நேராக உருவுங்கள். சாய்த்து இழுத்தால் அறுந்து பாதி உள்ளே நின்றுவிடும், அப்புறம் வெற்றுத்தாள்தான் வரும். டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் சில நிமிடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். பொடி கையிலோ துணியிலோ பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்; சுடுநீர் அதை உருக்கி ஒட்ட வைக்கும். தரையில் கொட்டினால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண வேக்கும் கிளீனரின் வடிகட்டியில் அந்தப் பொடி தங்காது, காற்றில்தான் திரும்ப வரும்.

தாள்

தாள் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்கத் தகும், ஏனென்றால் பேப்பர் ஜாமுக்கு முதல் காரணம் பெரும்பாலும் தாள்தான். ஏ4 என்பது 210 × 297 மி.மீ. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் 500 கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 2.5 கிலோ, 70 ஜிஎஸ்எம் என்றால் 2.2 கிலோ. உறையில் போட்டிருக்கும் கனம் உண்மையா என்று சந்தேகம் வந்தால் தராசில் வைத்தே பார்த்துவிடலாம். இருபுறமும் அடிக்கிறவர்களுக்கு 75 அல்லது 80 ஜிஎஸ்எம் நல்லது. மெல்லிய தாளில் மறுபுறம் தெரியும், லேசர் சூட்டில் சுருளும்.

பிரித்த ரீமைத் திறந்தபடி வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தாள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக இழுபடும், லேசரில் அலையலையாக வளையும். மிச்சத்தை உறையிலேயே மடித்து வையுங்கள். தட்டில் போடும் முன் தாள்கட்டை விசிறிபோல் விரித்து, காற்று புகவிட்டு, ஓரங்களைத் தட்டி நேராக்குங்கள். பக்கவாட்டு வழிகாட்டிகள் தாளைத் தொட்டு நிற்க வேண்டும், நெருக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் அச்சு கோணலாகும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்பு போட்டோ பேப்பரையும் இங்க்ஜெட் டிரான்ஸ்பரன்சி எனப்படும் ஒளி ஊடுருவும் தாளையும் லேசரில் ஒருபோதும் விடாதீர்கள். பூச்சு உருகி ஃப்யூசரில் ஒட்டும், அத்தோடு அந்த உறுப்பு முடிந்தது.

இணைப்பு

ஒரே கணினி, பக்கத்திலேயே பிரிண்டர் என்றால் யூஎஸ்பி கம்பியை மிஞ்சியது எதுவும் இல்லை. 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இன்ஸ்டால் செய்யும் மென்பொருள் எப்போது செருகச் சொல்கிறதோ அப்போதுதான் செருக வேண்டும். முந்திக்கொண்டால் விண்டோஸ் வேறொரு பொது டிரைவரைப் போட்டு ஸ்கேனரை விட்டுவிடக்கூடும்.

அலுவலகத்தில் பலர் பயன்படுத்துவது என்றால் ஈதர்நெட் கம்பி போடுங்கள். வைஃபைதான் வழி என்றால், பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ரவுட்டரின் பெயர் பிரிண்டர் திரையில் தெரியவே இல்லை என்றால் அந்த அலைவரிசை அணைந்திருக்கலாம். ஃபோனுக்குப் பிரிண்டர் தெரியவில்லை என்றால், ஃபோன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டுமே பிரிண்டரை மறைத்துவிடும்.

'பிரிண்டர் ஆஃப்லைன்' என்ற தொல்லைக்கு மூலம் பெரும்பாலும் ஒன்றே. ரவுட்டர் அணைந்து எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண்) கொடுத்துவிடுகிறது, கணினி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கிறது. இதை நிரந்தரமாகத் தீர்க்க:

1. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அடியுங்கள். அதில் ஐபி முகவரியும், மேக் முகவரி எனப்படும் அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணும் இருக்கும்.
2. ரவுட்டரின் அமைப்பில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில், அந்த மேக் முகவரிக்கு 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். உங்கள் ரவுட்டரின் முதல் மூன்று எண்கள் வேறாக இருந்தால் அவற்றையே போடுங்கள்.
3. விண்டோஸில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று போய், தானாகக் கண்டுபிடித்ததை நீக்கிவிட்டு, 'ஆட் மேனுவலி' வழியாக ஐபி முகவரி கொடுத்துச் சேருங்கள்.
4. அப்போதும் ஆஃப்லைன் என்றால் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் என்று திறந்து 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற டிக்கை எடுங்கள்.

பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதியையும் அங்கேயே அமைக்கலாம். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு 2022 முதல் இதற்குச் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று உருவாக்கி அதைப் போட வேண்டும். போர்ட் எண் 587.

கோளாறுகளும் காரணங்களும்

வெள்ளைக் கோடுகள் இங்க்ஜெட்டில் வந்தால் அடைப்பு. கிளீனிங்கை இரண்டு, மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்துச் செய்யாதீர்கள். பலன் இல்லை என்றால் பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த மை அதற்குள் கொஞ்சம் இளகும், குமிழிகள் மேலேறும். மறுநாள் ஒரு கிளீனிங்கிலேயே சரியாவது உண்டு. 'பவர் கிளீனிங்' கடைசி ஆயுதம். அதற்கு முன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இழுத்து நிலைமையை மோசமாக்கும்.

லேசரில் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை எடுத்து இரண்டு கறைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். கறை போடும் உருளையின் சுற்றளவுதான் அந்த இடைவெளி. சிறிய லேசர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 மி.மீ., அதாவது இடைவெளி சுமார் 75 மி.மீ.; 30 மி.மீ. டிரம் என்றால் 94 மி.மீ. இந்த அளவு வந்தால் டிரம்மில் கீறல் என்று கொள்ளலாம், வேறு எதையும் கழற்ற வேண்டாம். எழுத்து விரலோடு துடைபட்டு வந்தால் ஃப்யூசர் சூடு போதவில்லை. முதலில் டிரைவரில் தாளின் வகையை 'தடித்த தாள்' என்று மாற்றிப் பாருங்கள். ஃப்யூசர் கூடுதல் சூட்டோடு ஓடும். அப்போதும் உதிர்ந்தால் ஃப்யூசரே பழுது.

தாள் சிக்கினால் அணைத்துவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் பல்சக்கரமும் சென்சார் நெம்பும் உடையும். லேசரில் ஃப்யூசர் ஆறும்வரை பொறுங்கள். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து முழுத்தாள் வருகிறதா என்று பாருங்கள். விரல்நுனி அளவு துண்டு உள்ளே இருந்தாலும் ஜாம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். தாளே சிக்காமல், எடுக்க மட்டும் மறுக்கிறது என்றால் பிக்கப் ரோலரில் தாள்தூசி படிந்திருக்கிறது. நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் ரப்பருக்குப் பிடிப்பு திரும்பும்.

கொடுத்த வேலை வரிசையில் நின்று, அழிக்கவும் முடியாமல் கிடந்தால் விண்டோஸில் சர்வீசஸ் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி இயக்குங்கள்.

திரையில் சரியாகத் தெரியும் தமிழ், தாளில் கட்டங்களாகவோ ஆங்கிலக் குப்பையாகவோ வந்தால் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் இப்படித்தான் ஆகும். யூனிகோடில் அடியுங்கள், எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாகச் சேமித்து அதை அச்சிடுங்கள். அதிலும் கொம்பும் காலும் இடம் மாறினால், அடோபி ரீடரின் அட்வான்ஸ்டு பகுதியில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதை டிக் செய்யுங்கள். சற்று நேரம் பிடிக்கும், எழுத்து பிசகாது.

வெளியூர் போகும்போது

சில வாரம் வீடு பூட்டியிருக்கும் என்றால், கிளம்பும் முன் எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடித்துவிட்டு, பட்டனால் அணைத்து, தூசி படாமல் ஒரு துணி போட்டு மூடுங்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைக்காதீர்கள், தொட்டியைக் காலி செய்யாதீர்கள். மை உள்ளே இருப்பதுதான் ஹெட்டுக்குப் பாதுகாப்பு. திரும்பி வந்ததும் வேலைக் கோப்பை அனுப்புவதற்கு முன் நாசில் செக். வீடு மாற்றும்போது இங்க் டேங்கில் போக்குவரத்துப் பூட்டு இருந்தால் அதைப் போட்டு, தொட்டி மூடிகளை இறுக்கி, நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பூட்டைத் திறந்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும். பிரிண்டரை விற்கிறீர்கள் அல்லது தள்ளிவிடுகிறீர்கள் என்றால் அதன் மெனுவில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, ஃபேக்ஸ் எண்கள், ஸ்கேன் அனுப்பிய முகவரிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.